வியாசர்பாடி மாலை வகுப்புக்காக நிதி தேடிய எட்டு வருட அனுபவம்

சென்னை வியாசர்பாடியில் ஒரே ஒரு வாடகை அறையில் மாலை வகுப்பு நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. 2017இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த நாளிலிருந்து நிதி தேடும் வேலை என்னிடம்தான் இருக்கிறது. பெரம்பூர், கொடுங்கையூர் பக்கம் இதே மாதிரி வகுப்பு தொடங்கியவர்கள் "எங்கே விண்ணப்பிக்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே என்பது அப்புறம், முதலில் கையில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு வருடம் நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ப்ரொபோசல் எழுதினேன். பதில் சொன்ன சிலரும் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு) இருக்கிறதா, 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் அனுமதி) இருக்கிறதா, தர்ப்பண் எண் என்ன என்றுதான் ஆரம்பித்தார்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

என்ஜிஓ தர்ப்பண் என்பது தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் இணையதளம். கட்டணம் கிடையாது. டிரஸ்டின் பான், அறங்காவலர்களின் விவரங்கள் எல்லாம் கொடுத்தால் தனி எண் தருவார்கள், மத்திய அமைச்சகங்களின் மானியத்துக்கும் அது வேண்டும். எங்களுக்கு இழுத்தடித்ததற்குக் காரணம் எங்கள் தவறுதான். பத்திரத்தில் பெயர் 'அறக்கட்டளை' என்று முடிகிறது, பான் கார்டில் 'டிரஸ்ட்' என்று வாங்கியிருந்தோம். அந்த ஒரு சொல்லைத் திருத்தவே மாதக்கணக்கில் அலைந்தேன். பத்திரம், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்தது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் எதையாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்யும் டிரஸ்ட், சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டுப் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டர் சான்றும் தேவை. அதே துறையில் மூன்று வருடம் வேலை செய்த வரலாறும் கேட்பார்கள் என்பதால், முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேட்டையும் வரவு செலவையும் ஒழுங்காக வையுங்கள்.

எங்களுக்கு ஒரு கம்பெனி இரண்டு வருடம் கொடுத்தது. டேப்லெட் வாங்கப் பணம் உண்டு, ஆனால் அதை வைத்துப் பாடம் சொல்லித்தரும் அக்காவின் சம்பளத்துக்கும் அறை வாடகைக்கும் இல்லை. மூன்றாம் வருடம் அவர்களுடைய கவனம் வேறு பக்கம் போய்விட்டது, ஒரே ஒரு மின்னஞ்சலில் முடிந்தது. அந்த அக்காவிடம் போய் அடுத்த மாதம் எப்படி என்று தெரியவில்லை என்று சொன்ன சாயங்காலம் இன்னும் மனதில் இருக்கிறது. 'நிர்வாகச் செலவு' என்ற தலைப்பில் சம்பளத்தைப் போட்டதுதான் நான் செய்த பிழை. விதியில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறது, ஆனால் திட்டத்தை நேரடியாக நடத்துவதற்கு ஆகும் செலவு அந்தக் கணக்கில் வராது. ஆசிரியர் இல்லாமல் வகுப்பு ஏது? இப்போதெல்லாம் ஆசிரியர் ஊதியத்தைத் திட்டச் செலவின் முதல் வரியாகவே எழுதுகிறேன், பேசும்போதும் அதை விட்டுக்கொடுப்பதில்லை.

ஆன்லைன் நிதி திரட்டல் ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் அறையில் இடுப்பளவு தண்ணீர், நோட்டுப் புத்தகம் எல்லாம் கூழாகிவிட்டது. போட்டோவோடு போட்ட வேண்டுகோளுக்கு ஒரே வாரத்தில் பணம் வந்தது. அதே முறையில் மார்ச் மாத வாடகைக்குக் கேட்டபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாடகையைத் தாங்குவது மாதாமாதம் 200, 500 என்று அனுப்பும் தெரிந்தவர்கள்தான். மளிகைக்கடை அண்ணன், எங்களிடம் படித்து இப்போது ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணின் கம்பெனி, ஊழியர் கொடுக்கும் தொகைக்குச் சமமாகத் தானும் போடுகிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் பழைய மாணவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அக்டோபர் 2 முதல் 8 வரை 'தான் உத்சவ்' என்ற கொடை விழா வாரம், அப்போது புதியவர்கள் நாலு பேராவது வகுப்பை நேரில் பார்க்க வருவார்கள்.

80ஜி இருந்தால், பழைய வரி முறையில் வரி கட்டும் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அந்த நன்கொடைப் பட்டியலை வருமான வரித்துறையிடம் 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வருடம் 11 நாள் தாமதமாகி, நாளுக்கு 200 வீதம் 2,200 ரூபாய் கட்டினேன். பிள்ளைகளின் ஒரு மாதச் சுண்டல் காசு அது.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் ரொம்ப கவனம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் நூறு ரூபாய் அனுப்பினாலும் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான மத்திய அரசின் அனுமதி வேண்டும். எங்களிடம் அது இல்லை. அப்படி ஒரு மாமா ஆசையாக அனுப்புகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவர் வகுப்புக்கு வந்து, மூன்று சாயங்காலம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.