"பிஸ்டன் போச்சு" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்: செயின்சா வைத்திருப்பவர்களுக்கு

மரம் அறுக்கும் சின்ன மிஷினை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். மதுரை டவுனுக்குள் ஒரு சர்வீஸ் கடையில், செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி என்னிடம் 4,600 ரூபாய் வாங்கிவிட்டார்கள். போதாததற்கு மிஷினோடு வந்த நல்ல கார்புரேட்டரையும் கழற்றிக்கொண்டார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு. கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் தென்னைகளும், வரப்போரம் நின்ற பெரிய வேம்பும் வாய்க்காலுக்குள்ளேயே சாய்ந்துவிட்டன. தண்ணீர் போக வழியில்லை என்பதால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அறுத்தோம். தென்னை அறுத்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தூள் மற்ற மரத்தூள் மாதிரி பறந்து போகாது. நாரும் பொடியும் ஈரமுமாக வந்து, ஆயில் பட்ட இடத்திலெல்லாம் அப்பிக்கொள்ளும். அந்த வேலை முடிந்ததிலிருந்து மிஷின் மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலையில் கயிற்றை இழுத்ததும் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச நேரம் அறுத்ததும் இழுவை குறையும். ரேஸ் கொடுத்தால் திணறும், திடீரென்று தானாகவே கீச்சென்று வேகமெடுக்கும், அப்படியே அணைந்துவிடும். நிழலில் வைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

கடையில் இருந்தவர் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான். "கம்ப்ரஷன் இல்லண்ணே, பிஸ்டன் அடிச்சிருச்சு. செட்டா மாத்தணும், கார்புரேட்டரையும் பிரிச்சுப் பாக்கணும்" என்றார். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் கேஜ் போட்டு அளக்கவில்லை, சைலன்சரைக் கழற்றிப் பார்க்கவில்லை. சில நாள் கழித்துப் போனபோது பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் புதுசு என்று சொல்லி மிஷினைக் கொடுத்தார்கள். பழைய சாமானைக் கேட்டேன். "எடைக்குப் போட்டாச்சு சார்" என்று பதில் வந்தது. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் கூட வரும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று ஒரு துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். கடையின் பெயர்கூட அதில் இல்லை. பணத்தைப் போனில் அனுப்பியதால் அந்தப் பதிவு மட்டும் என்னிடம் இருக்கிறது.

தோப்புக்குக் கொண்டுவந்து அறுத்தால் பழையபடி அதே கோளாறு. போன் பண்ணினால், "புது பிஸ்டன் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். புது பிஸ்டன் படிய சிறிது நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காகச் சூடானதும் மிஷின் அணைந்து அணைந்து ஓடாது.

மேலூரில் என் மாமா மகன் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷினெல்லாம் ரிப்பேர் பார்ப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் பிரிக்கவில்லை. ஒரு கட்டையை எடுத்துப் போட்டு, மிஷின் அணையும்வரை அறுத்துக்கொண்டே இருந்தார். அணைந்ததும் பெட்ரோல் டேங்க் மூடியை நூல் நூலாகத் தளர்த்தினார். உஸ்ஸென்று வெளிக்காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. மூடியை இறுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தார், உடனே ஸ்டார்ட் ஆனது. "மாப்ள, இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. டேங்க் மூச்சு விட முடியாம கெடக்கு" என்றார்.

விஷயம் இதுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்கென்று டேங்கில் ஒரு சின்னத் துவாரமும் வால்வும் வைத்திருப்பார்கள். அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடுவதால்தான் அணைவதற்கு முன்னால் அந்தக் கீச்சென்ற வேகம். ஆறவிடும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், மிஷின் மறுபடி ஓடும். பார்ப்பவர்களுக்குச் சூட்டினால் வந்த கோளாறு போலவே தெரியும். இதோடு விட்டு ஓட்டிக்கொண்டே இருந்தால் நல்ல பிஸ்டனும் கருகிவிடும், ஏனென்றால் டூ-ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஆயில் போய்ச் சேருவதே பெட்ரோலோடு கலந்துதான். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. வெயிலில் சூடான டேங்க் சில நேரம் நேர்மாறாக உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். சட்டென்று திறந்தால் பெட்ரோல் முகத்தில் பீச்சியடிக்கும். பீடி, அடுப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், மெதுவாகத்தான் தளர்த்த வேண்டும்.

அடுத்து சைலன்சரைக் கழற்றினார். புகை வெளியேறும் வாயில் தீப்பொறி தடுக்கும் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கும். எங்கள் மிஷினில் அதில் பாதிக்கு மேல் கரி அடைத்திருந்தது. புகை வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும்? இழுவை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சைலன்சர் இருந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் பிஸ்டன் நேராகக் கண்ணில் படும். டார்ச் அடித்துக் காட்டினார். பக்கவாட்டில் கீறல் இல்லை, நல்ல பிஸ்டன். ஆனால் தலையில் நாள்பட்ட கரி கெட்டியாகப் படிந்திருந்தது. கொஞ்ச நேரம் மட்டுமே ஓடிய புது பிஸ்டனில் அப்படிப் படிய வழியே இல்லை. சிலிண்டரின் அடி போல்ட்டுகளைச் சுற்றி, தோப்பில் அப்பிய தென்னை நார்ப்பொடி ஆயிலோடு காய்ந்து அப்படியே இருந்தது. சாவி பட்ட தடமே கிடையாது. கேஜ் போட்டதில் 140 பிஎஸ்ஐ காட்டியது. இந்த அளவு மிஷினுக்கு 120-க்கு மேல் இருந்தாலே நல்ல கம்ப்ரஷன். பிஸ்டன் போகவும் இல்லை, அதை யாரும் மாற்றவும் இல்லை.

மாற்றியது கார்புரேட்டரை. ஏர் பில்டர் அளவு காட்டி வாங்குவதற்காக முன்பு எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. அதில் கார்புரேட்டர் மேல் கம்பெனி எழுத்து தெளிவாகத் தெரிகிறது. இப்போது இருப்பதில் எழுத்தே இல்லை, திருகாணியின் தலையும் வேறு. பிஸ்டன் பொய்யைவிட இதுதான் எனக்கு அதிக ஆத்திரம். மிஷினைத் திறந்து பார்க்கத் தெரியாத விவசாயி என்று நினைத்துத்தானே இதைச் செய்கிறார்கள்?

டேங்க் மூச்சு விடும் அந்த வால்வைப் புதுசு போட்டு, வலையைக் கரி போகத் தேய்த்து, ஸ்டார்ட்டர் பக்க மூடியைக் கழற்றி சிலிண்டர் தகடுகளுக்கு இடையில் அடைந்த நாரையும் எடுத்தார். காற்று பட்டுச் சூடு ஆறுவது அந்தத் தகடுகளால்தான், அதை யாரும் சுத்தம் செய்வதே இல்லை. சாமான் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. வேம்பின் அடிமரத்தையும் அறுத்து முடித்துவிட்டோம், மிஷின் ஒருமுறைகூட அணையவில்லை.

எல்லா மிஷினுக்கும் டேங்க் மூச்சுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சூடானதும் அணைகிற மிஷினில் இக்னிஷன் காயிலும் போயிருக்கலாம். அணைந்த உடனே பிளக்கைக் கழற்றி, நன்றாகக் காற்றாடவிட்டு, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பெட்ரோல் பில்டர், டேங்குக்குள் இருக்கும் ரப்பர் குழாய் இரண்டையும் பாருங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் சீக்கிரம் கெடும், பெட்ரோல் தேங்கி நின்றால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிடுவது நல்லது. ஆயில் கலவை உங்கள் மிஷின் புத்தகத்தில் போட்டபடி இருக்கட்டும். 1:50 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. செயின் மழுங்கியிருந்தாலும் மிஷின் திணறும்; சீவல் வராமல் மாவாகக் கொட்டினால் முதலில் அரம் போடுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மிஷினைச் சுற்றி, ஏர் பில்டர் மூடியைத் திறந்தும், போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சாமான் என் கைக்கு வர வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லுங்கள். பிஸ்டன் என்று பேச்செடுத்தால் சைலன்சரைக் கழற்றி உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மிஷினில் ஓரிரண்டு போல்ட்தான். காட்ட மாட்டேன் என்கிற கடையில் மிஷினை விடாதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். கடையிலிருந்து பணமும் வரவில்லை, கார்புரேட்டரும் வரவில்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். நாம் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டவுனில் எங்காவது மிஷினைக் கொடுத்து "செட் மாத்தியாச்சு" என்று வாங்கி வந்தவர்கள் இருந்தால், இஞ்சின் ஆறிய பிறகு சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்த பழைய பிஸ்டன் தெரிந்தால் போட்டோ எடுத்துவிட்டு, பணம் அனுப்பிய ரசீதோடு நீங்களும் புகார் கொடுங்கள்.