ராமநாதபுரம் கடற்கரைக்கு இருவர் டென்ட்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

முதுகுப்பையில் சுமக்கும் டென்ட்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது எடை, அடுத்தது மழை தாங்கும் எண். இந்த இரண்டை மட்டும் பார்த்து வாங்கிய டென்ட் அரியமானிலோ வாலிநோக்கத்திலோ முதல் இரவிலேயே படுத்திவிடும். இந்தக் கரையில் டென்ட்டைச் சோதிப்பவை காற்று, மணல், உப்பு, புழுக்கம் ஆகிய நான்கும்தான். கனமழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. அப்போது கரையில் டென்ட் போடுவதே சரியில்லை. அதனால் இந்த நான்கையும் அளவுகோலாக வைத்தே, பத்தாயிரம் ரூபாயைச் சுற்றிய விலையிலும் அதற்குக் கீழேயும் கிடைப்பவற்றைப் பார்க்கலாம்.

மூவாயிரத்துக்குள் இணையத்தில் கிடைக்கும் பெயர் தெரியாத டென்ட்களில் பெரும்பாலானவை ஒற்றைத் துணி. இரண்டு பேர் விடும் மூச்சும் கடற்காற்றின் ஈரமும் விடியற்காலையில் அந்தத் துணியின் உட்புறம் நீராகப் படிந்து, தலையில் சொட்டும். பலரும் அதை ஒழுகல் என்று நினைத்துத் தையலில் பசை தடவுகிறார்கள், பலன் இருக்காது. தேவை இரட்டை அடுக்கு: உள்ளே கொசுவலை அறை, அதன்மேல் இடைவெளி விட்டு நிற்கும் மேல்துணி. நீர் மேல்துணியில் படிந்து வழிந்துவிடும், உள்ளறை காய்ந்திருக்கும்.

இரட்டை அடுக்கிலும் உள்ளறையை முதலில் நிறுத்தி, மேல்துணியைப் பிறகு போர்த்தும் வகைதான் நமக்கு ஏற்றது. பங்குனி, சித்திரை இரவுகளில் மேல்துணியே வேண்டாம். வலை அறையை மட்டும் நிறுத்திப் படுத்தால் காற்று வரும், கொசு வராது. மேல்துணியோடு சேர்த்தே நிறுத்தும் வகையில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது.

வலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளறை முழுவதும் வலையாக இருந்தால் குளுமைதான், ஆனால் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் மேல்துணியின் அடி இடைவெளி வழியே பொடிமணல் புகுந்து, வலையைக் கடந்து படுக்கையில் கொட்டும். தரைத்துணி பக்கவாட்டில் 15 செ.மீ. அளவாவது ஏறி, அதற்கு மேல் ஒரு சாண் மெல்லிய துணி, அதன்பின் வலை என்று அமைந்ததே சரி. மேல்துணி தரைவரை இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது கம்பி. விலை குறைந்த டென்ட்களில் வருவது ஃபைபர்கிளாஸ். காற்று ஒரே பக்கமாக விடாமல் அழுத்தும்போது, இரண்டு துண்டுகள் சேரும் உலோகக் குழாயின் வாயருகே அது நீளவாக்கில் பிளக்கும். பிளந்த சிலும்பு கையைக் குத்தும், துணியையும் கிழிக்கும். அலுமினியக் கம்பி உடைவதற்கு முன் பெரும்பாலும் வளையும். வளைந்த இடத்தில் விரல் நீளச் சிறு குழாய் ஒன்றைச் செருகிச் சுற்றி டேப் ஒட்டினால் இரவைக் கடத்திவிடலாம். விவரக்குறிப்பில் 7001 அலுமினியம் (உறுதியான ஓர் உலோகக் கலவை), தடிமன் 8.5 மி.மீ. என்று இருந்தால் நல்லது. இருக்கும் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், துணியைவிடக் கம்பியில் போடுங்கள் என்போம்.

துணியில் நைலானா, பாலியஸ்டரா? 20 டினியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) சிலிக்கான் பூசிய நைலான் மெலிது, எடை குறைவு. ஆனால் நைலான் ஈரத்தில் இளகித் தொய்யும். மாலையில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மேல்துணி நள்ளிரவுப் பனியில் தளர்ந்து படபடக்கும், எழுந்து மறுபடி இழுக்க வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் நைலானைவிட அதிக நாள் தாங்கும். நிழலில்லாத இந்தக் கரையில் கால் கிலோ கூடினாலும் பாலியஸ்டரே மேல். மழை தாங்கும் எண் என்பது துணி கசியாமல் தாங்கும் நீர்த்தூணின் உயரம். மேல்துணிக்கு 2000 மி.மீ. போதும், முழங்கால் ஊன்றி அழுத்தும் தரைத்துணிக்கு 3000-க்கு மேல் வேண்டும். கசிவு துணியைவிடத் தையலில்தான் அதிகம் வரும் என்பதால், தையலின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இனி பெயர் சொல்லியே பேசலாம். டெகத்லானின் கெச்சுவா எம்எச்100 இருவர் டென்ட் இரண்டு கம்பிகள் குறுக்காக ஓடும் குவிமாட வடிவம். முளை அடிக்காமலே தானாக நிற்கும். எடை இரண்டரை கிலோவை ஒட்டி வரும். ஆளுக்கு ஒன்றேகால் கிலோவாகப் பிரித்தால் பேருந்தில் இறங்கி இரண்டு மூன்று கிலோமீட்டர் நடப்பவர்களுக்குப் பாரமில்லை. முதல் டென்ட் வாங்குபவர்களுக்கு இதுவே போதும். கம்பி ஃபைபர்கிளாஸ் என்பதால் ஆடிக்காற்றில் திறந்த கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். தை முதல் பங்குனி வரை கவலையில்லை.

நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2 இணையத்தில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது. நைலான் வகை ஒன்றரை கிலோவை ஒட்டி, பாலியஸ்டர் வகை அதைவிடச் சற்றுக் கூடுதல், கம்பி அலுமினியம். எடைக்கும் விலைக்கும் இது நல்ல பொருள்தான், ஆனால் மணலில் ஒரு குறை தெரியும். கம்பி கால்மாட்டில் ஒற்றைக் காலாக இறங்குவதால், அந்தப் பக்கத்து இரு மூலைகளும் முளையின் பிடியில்தான் விரிந்து நிற்கும். மணலில் முளை பெயர்ந்தால் கால்மாடு சுருங்கிவிடும். வாசலும் தலைமாட்டில் ஒன்றே. இருவரும் அதே வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதே நிறுவனத்தின் மோங்கர் 2-இல் இரண்டு பக்கமும் வாசல் உண்டு. இரண்டையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே ஓடும். புழுக்கத்துக்கு இதற்கு இணையான மருந்து இல்லை. கூடுதல் பணம் தர முடிந்தால் இந்தக் கரைக்கு எங்கள் தேர்வு மோங்கர்தான்.

உள்ளளவைக் கவனியுங்கள். படுக்கை விரிப்பு ஒன்று 51 செ.மீ. அகலம், இரண்டு சேர்ந்தால் 102. தரை அகலம் 125-க்குக் குறைந்தால் பைகளை உள்ளே வைக்க இடமிராது. நீளம் 210 இருந்தால் ஆறடி ஆளின் கால் துணியில் முட்டாது. எடையை அட்டையில் பார்த்து நம்பாதீர்கள். சில நிறுவனங்கள் முளை, கயிறு, உறை நீங்கலாக அச்சிடுகின்றன. மளிகைக்கடைத் தராசில் மொத்தமாக ஒருமுறை வையுங்கள்.

டென்ட்டோடு தரும் விரல் தடிமன்கூட இல்லாத முளைகள் செம்மண்ணுக்குச் சரி, கடல் மணலில் பிடிக்காது. அகலத் தகடாக மடித்த 30 செ.மீ. மணல் முளைகளைத் தனியாக வாங்கலாம். செலவில்லாத வழியும் உண்டு. கால் சாக்கு அளவுள்ள பையில் நாலைந்து கிலோ மணல் நிரப்பி, வாயைக் கயிற்றோடு கட்டி, ஒன்றரை அடிப் பள்ளத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். பை இல்லையென்றால் முழ நீளப் பனைமட்டைத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைக்கலாம். மேல் மணல் உலர்ந்து உதிரும். கை ஈரம் உணரும் ஆழம்வரை தோண்டினால்தான் பிடி கிடைக்கும். கயிறு டென்ட்டிலிருந்து தாழ்வான சாய்வில் போக வேண்டும், செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்துவிடும். நான்கு மூலை, இரண்டு வாசல், காற்று வரும் பக்கம் இரண்டு என்று எட்டாவது வேண்டும்.

டென்ட்டின் ஒடுங்கிய பக்கம் காற்றை எதிர்கொள்ளட்டும். கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், கொந்தளிக்கும். அப்போது வடக்கே பாக் விரிகுடாக் கரை அமைதி. வாடை என்னும் வடகிழக்குக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். மீனவர்கள் பார்த்துச் செய்வதும் இதுதான், அவர்களிடம் கேட்டுவிட்டே இடம் பிடியுங்கள். படகு இழுக்கும் தடத்திலும் வலை காயும் இடத்திலும் போடக்கூடாது. தனுஷ்கோடியில் இரவு தங்க அனுமதியில்லை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் போகக் கூடாது. தென்னை, பனை அடியிலும் வேண்டாம். மட்டையும் காயும் விழும். சீமைக்கருவேல் முள் தரைத்துணியைத் துளைக்கும் என்பதால் அடியில் ஒரு தார்ப்பாய் கட்டாயம். அது டென்ட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டினால் மழைநீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும், உள்ளடங்கி விரியுங்கள்.

திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் எந்த டென்ட்டும் நிலைக்காது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும்; பூச்சு ஒட்டும், நாறும், பிறகு உரியும். சோப்புத்தூள் வேண்டாம். ஜிப் பற்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து மணலை நீக்குங்கள். இழுப்பானுக்குப் பின்னால் ஜிப் திறந்துகொண்டால் மணல் அதன் வாயை அரைத்துவிட்டது என்று பொருள். குறடால் இரு ஓரமும் மெல்ல அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும். கம்பியின் இணைப்புகளை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் உப்பு அரித்து, துண்டுகள் பிரியாமல் இறுகிவிடும். நிழலில் முழுக்கக் காயவைத்து, உறைக்குள் திணிக்காமல் பழைய வேட்டித் துணிப் பையில் தளர்வாக வையுங்கள்.

பொட்டலம் வந்ததும் மொட்டைமாடியில் நிறுத்தி, பத்து நிமிடம் குழாய்த் தண்ணீரைத் தையல்கள்மேல் பீய்ச்சுங்கள். உள்ளே விரலால் தடவி, ஜிப்பை இருபது முறை ஏற்றி இறக்கி, கம்பி இணைப்புகளில் விரிசல் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.