வார்_எக்ஸ்போர்ட்: நான் கைவிடாத ஒரு பிஎச்பி வழக்கம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தேங்காய், கொப்பரை வியாபாரிகளுக்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். பொள்ளாச்சியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ஆட்கள் வரும் கடைகள் என்பதால், சரக்கின் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாக வேண்டும். பெயர்கள், வரி விகிதங்கள் போன்ற அரிதாக மாறும் விவரங்களை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, ஒரு மதிப்பை பிஎச்பி நிரலாகவே எழுதித் தரும் வார்_எக்ஸ்போர்ட் (var_export) ஃபங்ஷன் கொண்டு பிஎச்பி கோப்பாகவே எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளாக இதுதான் என் வழக்கம்.

இரண்டாவது ஆர்குமென்ட்டாக ட்ரூ கொடுத்தால், அது திரையில் அச்சிடாமல் ஸ்டிரிங்காகத் தரும். முன்னால் பிஎச்பி தொடக்கக் குறியும் ரிட்டர்னும், கடைசியில் அரைப்புள்ளியும் சேர்த்துச் சேமித்தால் போதும். இன்க்ளூட் செய்த இடத்தில் அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல், தயாராகக் கிடைக்கும். பிஎச்பியின் ஆப்கேஷ் வசதி இயங்கும் சர்வரில் அந்தக் கோப்பு ஒருமுறை கம்பைல் ஆகி நினைவகத்தில் தங்கிவிடுவதால், ஒவ்வொரு முறையும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்தைப் பிரித்துப் படிக்கும் வேலை இல்லை. பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் தன் அமைப்பு விவரங்களைச் சேர்த்துவைக்கும் கான்ஃபிக் கேஷை எழுதுவதும் இதே முறையில்தான்.

எனக்கு வேகத்தைவிடப் பெரிதாகப்படுவது, எழுத்து எழுத்தாகவே இருப்பது. தனி ஃபிளாக் தராவிட்டால், ஜேசனாக மாற்றும் ஜேசன்_என்கோட் தமிழை யூனிகோட் எண்களாக்கிவிடும். இதில் கொப்பரை கொப்பரையாகவே இருக்கும், மலையாளமும் அப்படியே. ஒரு விகிதம் மாறினால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டில் (Git) அந்த ஒரு வரி மட்டுமே மாறியதாகத் தெரியும். இந்த வசதிக்காகவே, பழைய பாணி அரே அடைப்புகளையும் இரண்டு இடைவெளி உள்தள்ளலையும் மனமாரப் பொறுத்துக்கொள்கிறேன்.

தசம எண்களில் மட்டும் பதிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கடையின் பழைய பிஎச்பி 5.6 சர்வரில் 0.1 என்பது 0.10000000000000001 என்று எழுதப்பட்டது. 7.1 முதல் அந்தத் தொல்லை இல்லை.

ஆப்ஜெக்ட்டுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு கிளாஸிலும் ஆப்ஜெக்ட்டைத் திரும்ப உருவாக்கும் __செட்_ஸ்டேட் மெத்தடை எழுதியிருக்க வேண்டும். பிஎச்பியின் பொதுவான வெற்று கிளாஸான எஸ்டிடிகிளாஸுக்கு (stdClass) 7.3இல்தான் விடிவு வந்தது. பெயரில்லா ஃபங்ஷனான குளோஷரின் உள்ளடக்கம் வரவே வராது. ஒன்றையொன்று சுற்றிக் குறிக்கும் அமைப்பென்றால் எச்சரிக்கைதான் மிஞ்சும்.

இன்னொன்று: வாடிக்கையாளர் எழுதக்கூடிய ஃபோல்டரில் இந்தக் கோப்பை வைக்கவே கூடாது. இன்க்ளூட் ஆவது தரவல்ல, ஓடும் நிரல். எழுதும்போதும் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, பிறகு ரீநேம் செய்யுங்கள். பாதி எழுதிய கோப்பை யாரும் படித்துவிட மாட்டார்கள். உடனே, நினைவகத்தில் உள்ள பழைய நகல் செல்லாது என்று சொல்லும் ஆப்கேஷ்_இன்வேலிடேட்டையும் அழையுங்கள். ஆப்கேஷ் இயல்பாக 2 விநாடிக்கு ஒருமுறைதான் கோப்பு மாறியதா என்று பார்க்கும். சந்தை நாளில் அதற்குள் பழைய விலையில் ஒரு பில் போய்விடும்.