சிந்தெடிக் கஞ்சிரா: மூணு வாரம் வாசிச்சுப் பார்த்துட்டு எழுதுறேன்

மார்கழில முகூர்த்தம் கிடையாது, அதனால எங்க ரிசப்ஷன் பேண்டுக்கு டிசம்பர் 31 நைட் ப்ரோகிராம விட்டா ஒரு மாசம் ஃப்ரீதான். 12 வருஷமா ட்ரம்ஸ் வாசிக்கிறேன், கஞ்சிரா (ஒரு கைல பிடிச்சு மறு கைல வாசிக்கிற, ஓரத்துல ஜிங்கிள்னு சின்ன உலோக வட்டு வச்ச தோல் வாத்தியம்) கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, இந்த தடவை 2,200 ரூபாய்க்கு பலாக்கட்டை ஃப்ரேம்ல செயற்கைத் தோல் போட்ட சிந்தெடிக் கஞ்சிரா ஒண்ணு வாங்கிட்டேன்.

ஏன் சிந்தெடிக்னா, பழைய கஞ்சிரா எல்லாம் உடும்புத் தோல், ஆனா உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது, அந்தத் தோலை விக்கறதே குற்றம், "பழைய ஸ்டாக் இருக்கு"ன்னு யார் சொன்னாலும் தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஆட்டுத்தோல் கஞ்சிராவ ஃப்ரெண்டுகிட்ட இருந்து வாங்கி வாசிச்சேன், உள்பக்கம் தண்ணி தடவி ஊற விடணும், கொஞ்ச நேரத்துல காஞ்சு சுருதி ஏறிடும், மறுபடி தடவணும், கூட ஒரு சொட்டு விழுந்தா தொப்புனு ஆயிடும். சிந்தெடிக்ல இந்த வேலையே இல்ல, பையில இருந்து எடுத்த உடனே வாசிக்கலாம், காலைல ரெண்டு மணி நேரம் உக்காந்தா ரெண்டு மணி நேரமும் கைக்குத்தான் போகுது.

அந்த நேரம் நிஜமாவே தேவை. ட்ரம்ஸ்ல ஸ்டிக் தானா துள்ளி வரும், ரெண்டு கை ரெண்டு கால் இருக்கு. இங்க இடது கை பிடிக்கறதுக்கே போயிடுது, வலது கை ஒண்ணுலயே விரல் நுனியும் உள்ளங்கை அடியும் மாத்தி மாத்தி விழணும். முதல் வாரம் மெட்ரோனோம் (வேகத்துக்கு டிக் டிக்னு தட்டுற கருவி) 60ல தகதிமிங்கற நாலு எழுத்து சொல்லை வைக்கவே கை இழுத்துச்சு, இப்போ 85 சுத்தமா வருது. வாயில சொல்லாம கைல வராதுங்கறதும் இப்பதான் புரிஞ்சுது, மிஸ்ர சாப்புங்கற 7 எண்ணிக்கை தாளத்துல தகிட தகதிமி சொல்லிக்கிட்டே வாசிச்சப்புறம் 7 எண்ண வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. கஞ்சிரா வித்வான் ஹரிசங்கர் சார் பழைய ரெக்கார்டிங்க கேட்டா, ஒரு கைல இவ்வளவு நடக்குதான்னு கண்ணுல தண்ணி வந்துடுது.

குறையும் இருக்கு. இடது விரலால தோலை அழுத்தி கும்கி (சத்தத்தை வளைக்கிற அடி) கொடுக்கும்போது ஆட்டுத்தோல்ல வர்ற அந்த ஆழம் இதுல வரல, சத்தம் மேலோட்டமா நின்னுடுது, கச்சேரிக்கு இதையே எடுத்துட்டுப் போக எனக்கு மனசு வராது. ஜிங்கிள் கம்பியும் ரெண்டாவது வாரமே லூஸ் ஆச்சு, கடைக்கு ரெண்டு தடவை போன் பண்ணியும் பதில் இல்ல, நானே ப்ளையர் வச்சு இறுக்கிட்டேன். ஃப்ளாட்ல இருக்கறவங்க ஜிங்கிள் மேல ஒரு ரப்பர் பேண்ட் சுத்திட்டு வாசிங்க, பக்கத்து வீட்டுக்கு தொந்தரவு இருக்காது.

ட்ரம்ஸ், தவில், தபலான்னு ஏற்கனவே தாளம் கைல இருக்கறவங்க கத்துக்க கண்டிப்பா வாங்கலாம், 5க்கு 4 கொடுப்பேன். வாங்கும்போது அந்த ஜிங்கிள் கம்பிய மட்டும் கடைலயே ஆட்டிப் பாத்துடுங்க.