கண்மாயைக் கண்காணிக்க எது: அகச்சிவப்பு கேமராவா, ஜிஎன்எஸ்எஸ்-ஆரா?

காரைக்குடியில் மாணவர் செயற்கைக்கோளுக்குத் திட்டம் போட்டால் இந்தக் கேள்வி வரும். முதலாவது, சூட்டைப் படமெடுப்பது. இரண்டாவது, நீரில் பட்டுத் தெறிக்கும் ஜிபிஎஸ் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர். 2024 ஆகஸ்ட் 16-இல் ஏவப்பட்ட இஸ்ரோவின் புவி நோக்குச் செயற்கைக்கோள் இஓஎஸ்-08, 175.5 கிலோதான், இரண்டையுமே சுமந்து போனது.

மேகம்: கேமராவை மறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகும்போதுதானே வானமும் மூடிக்கிடக்கும்!  ஜிஎன்எஸ்எஸ்-ஆருக்கு மேகம் ஒரு பொருட்டில்லை.

நுணுக்கம்: 475 கி.மீ. உயரத்திலிருந்து பிடித்தால், ஒரு தெறிப்பு தரையில் காட்டும் இடம் அரை கி.மீ.க்கு மேல் அகலம். ஊருணி சிக்காது, பெரிய கண்மாய் சிக்கும். காற்றில் அலையடித்தால் சிக்னல் சிதறும். கேமராவிலும் சிக்கலுண்டு: காலையிலும் மாலையிலும் ஒரு கட்டத்தில் நீரும் நிலமும் ஒரே சூட்டுக்கு வர, கரை தெரியாது.

மின்சாரம்: ரிசீவருக்குக் குறைவு, அது எதையும் அனுப்புவதில்லை.

வெள்ளம், மண் ஈரத்துக்கு ஜிஎன்எஸ்எஸ்-ஆர். காட்டுத்தீக்குக் கேமரா.