பல்லுக்கு வெனீர் போடப் போகிறீர்களா? முதலில் பில்லைப் பாருங்கள்

எனக்கு பென்னாகரம் பக்கம். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதில் அதையே குடித்து வளர்ந்தால், பால்பல் விழுந்து முளைக்கிற பல் பழுப்புக் கறையோடுதான் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தபோது எனக்குப் பல்லெல்லாம் முளைத்து முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. கையால் வாயை மறைத்தபடியே சிரித்துப் பழகியவள் நான். போன வருடம் கல்யாணம் நிச்சயமானதும், சம்பளத்தில் சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் பீங்கான் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கத்தை மூடுகிற மெல்லிய ஓடு. பல்லுக்கு 12,000, ஆக மொத்தம் 72,000 ரூபாய். "பதினஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல மேடம்" என்றார் வரவேற்பறையில் இருந்த பெண். டாக்டர் என் வாயைப் பார்த்தது ஐந்து நிமிடம் இருக்கும். ஊசி போட்டு, பல்லை ராவி, மாவு மாதிரி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, நீல விளக்கு அடித்தார்கள். மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. கண்ணாடியைக் காட்டினார்கள். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

அந்த மாவில்தான் விஷயமே இருக்கிறது. பீங்கான் வெனீரை வாயில் வைத்துப் பூச முடியாது. அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் செய்து வாங்கி, இன்னொரு நாள் வரச் சொல்லி ஒட்டுவார்கள். சில கிளினிக்குகளில் அன்றைக்கே கடைந்து எடுக்கும் மெஷின் உண்டு, ஆனால் அதிலும் செய்த வெனீர் தனியாகக் கையில் வரும். வாயிலேயே அப்பி வடிவம் கொடுப்பது காம்போசிட், சொத்தைப் பல் அடைக்க வைப்பார்களே, அந்த வகை. காம்போசிட் மட்டம் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, ஓரம் பெயர்ந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்யலாம். ஆனால் கறை பிடிக்கும், பீங்கான் அளவுக்கு உழைக்காது. இதைப் போட்டுவிட்டு அதற்குக் காசு வாங்கினார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பராமரிப்பு என்று அவர்கள் சொன்னது ஒரே வரி. "நல்லா பிரஷ் பண்ணுங்க மேடம்." கூடவே பல்லை வெள்ளையாக்கும் என்று கரி கலந்த பேஸ்ட் ஒன்றை 450 ரூபாய்க்குக் கவுண்டரில் விற்றார்கள். நானும் இரண்டு வேளையும் அதைப் போட்டுத் தேய்த்தேன். மேலே இருந்த பாலிஷை அந்தக் கரியே அரித்து எடுத்திருக்கிறது. பளபளப்பு போனதும் காபியும் மஞ்சள் போட்ட குழம்பும் தங்க ஆரம்பித்தன. தீபாவளிக்குள் ஈறை ஒட்டி மஞ்சள் கோடு விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரு முறுக்கைக் கடித்தபோது இடது பக்கப் பல்லின் ஓரம் பெயர்ந்தது. முறுக்குத் துண்டு என்று நினைத்து அதையும் சேர்த்து மென்றேன். மணல் கடித்த மாதிரி நறுக்கென்றது.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். "முறுக்கா சாப்பிட்டீங்க? அப்ப வாரண்டி கிடையாது மேடம். சரி பண்ண பல்லுக்கு 4,000 ஆகும்." அதன் பிறகுதான் பில்லை எடுத்துப் படித்தேன். "ஸ்மைல் டிசைன், 6 யூனிட், 72,000." அவ்வளவுதான். என்ன பொருள், எந்த லேப், போட்ட டாக்டர் யார், அவருடைய பதிவு எண் என்ன, எதுவும் இல்லை. வாரண்டி என்ற சொல்லே அதில் இல்லை.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். என்னைப் பார்த்த டாக்டரம்மா ஒன்றும் பேசாமல் மெழுகு நூலை எடுத்து இரண்டு பல்லுக்கு நடுவில் விட்டார். நூல் இறங்கவில்லை. அழுத்தி இழுத்தபோது இழை இழையாகப் பிரிந்து, ரத்தத்தோடு வந்தது. "பாத்தியாம்மா, இடுக்கு முழுக்க காம்போசிட்டை வழிய விட்டிருக்காங்க. ஈறு வீங்காம என்ன பண்ணும்? இதைப் பீங்கான்னு எவன் சொன்னான்?"

அடுத்து அவர் கேட்டது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பேனா என்று. எனக்குத் தெரியாது என்றேன். கூட வந்திருந்த கணவர் முந்திக்கொண்டு, "தினமும் நறநறன்னு கடிப்பா டாக்டர்" என்றார். பல்லில் கை வைப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியாம். அப்படிக் கடிப்பவர்களுக்கு இரவில் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டு என்ற உறை செய்து தர வேண்டும், இல்லாவிட்டால் பீங்கானே போட்டிருந்தாலும் விரிசல் விடலாம்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் இன்னும் ஆறவில்லை. ஆறில் இரண்டு பல்லில் கறை மேலாகத்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது (நான் காட்டிய பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னார்). அமிலப் பசை வைத்து மெல்லத் தேய்த்தே அதைக் குறைத்திருக்கலாம், ராவியிருக்கவே வேண்டாம். ராவிய எனாமல் திரும்ப வளராது. இப்போது ஐஸ் தண்ணீர் பட்டால் அந்த இரண்டு பல்லும்தான் முதலில் கூசுகின்றன.

வெனீர் போட்டவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொன்னார்கள், இலவசமாக. பிரஷ் மென்மையானதாக இருக்க வேண்டும். கரி, பல்பொடி, பேக்கிங் சோடா, உப்பு எதுவும் வேண்டாம், சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். (ஃப்ளோரைடால் கெட்ட பல்லுக்கு ஃப்ளோரைடு பேஸ்டா என்று கேட்டேன். பல் முளைத்த பிறகு அந்தக் கறை புதிதாக வராதாம்.) தினமும் ஒருமுறை நூல் விட வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் காம்போசிட்டை இளக்கும். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது, நகம் கடிப்பது, கரும்பு கடிப்பது எல்லாவற்றுக்கும் முழுக்கு. முறுக்கு, சீடையை ஒடித்துக் கடைவாயில் போட்டுக்கொள்ளலாம். எங்கே க்ளீனிங்குக்குப் போனாலும் வெனீர் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், அல்ட்ராசோனிக் கருவியை அதன் விளிம்பில் வைத்தால் பெயர்ந்துவிடக்கூடும்.

அப்புறம் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதைக் கேட்டதும் கிளினிக்கின் குரல் மாறியது. 25,000 தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கையெழுத்துப் போடவில்லை. வாட்ஸ்அப்பில் "பீங்கான்" என்று அவர்களே அனுப்பிய விலைப்பட்டியல் என்னிடம் இருக்கிறது. மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. கிளினிக் பெயரை இன்பாக்ஸில் கேட்க வேண்டாம், வழக்கு முடியும்வரை சொல்ல மாட்டேன்.