சுருக்கப்பெயர்களுக்கு எந்தத் தொகுப்பு: அக்ரோனிம், அக்ரோ, குளோசரிஸ்

ஆய்வேட்டின் முதல் இயலில் ஒரு பத்தியை நீக்குகிறீர்கள். 'எம்ஆர்ஐ' என்பதன் விரிவு முதன்முதலாக வந்தது அந்தப் பத்தியில்தான். இப்போது மூன்றாம் இயலில் அந்தச் சுருக்கம் விளக்கமில்லாமல் நிற்கிறது. நீங்கள் கவனிக்காவிட்டாலும் நெறியாளர் கண்ணில் பட்டுவிடும். ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. சுருக்கத்தையும் விரிவையும் ஒரே இடத்தில் அறிவித்துவிட்டு, உரையில் ஒரு கட்டளையை மட்டும் எழுதினால் போதும். முதல்முறை விரிவும் அதையொட்டி அடைப்புக்குறிக்குள் சுருக்கமும் அச்சாகும். அதன்பின் சுருக்கம் மட்டும் வரும். எந்தப் பத்தியை எங்கே நகர்த்தினாலும் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களைத் தொகுப்புகள் என்பார்கள். அக்ரோனிம், அக்ரோ, குளோசரிஸ் ஆகிய மூன்று தொகுப்புகளும் இந்த வேலையைக் குறையில்லாமல் செய்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: நூலின் முகப்பில் வரும் பட்டியலை யார் வரிசைப்படுத்துகிறார்கள்? அக்ரோனிமில் நீங்களே, அக்ரோவில் லேடெக், குளோசரிஸில் வழக்கமாக வெளியிலுள்ள ஒரு நிரல். மற்ற வசதிகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

அக்ரோனிம் மூன்றிலும் எளியது. நீங்கள் எந்த வரிசையில் அறிவிக்கிறீர்களோ அதே வரிசையில் பட்டியல் அச்சாகும். உரையில் பயன்பட்டவற்றை மட்டும் காட்டவும், விரிவை அடிக்குறிப்பில் போடவும் விருப்பத்தேர்வுகள் உண்டு. பத்துப் பதினைந்து சுருக்கங்கள் கொண்ட கட்டுரைக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை. நாற்பதைத் தாண்டினால் அகரவரிசையைக் கையால் காப்பது அலுப்பான வேலை. இதன் இன்னொரு பலவீனம் ஆங்கிலப் பன்மை. இயல்பாக விரிவின் கடைசியில் ஒரு 'எஸ்' ஒட்டிவிடும். 'பாயிண்ட் ஆஃப் சேல்' என்பதற்கு 'பாயிண்ட்ஸ் ஆஃப் சேல்' என்று வர வேண்டிய இடத்தில் 'பாயிண்ட் ஆஃப் சேல்ஸ்' என்று வந்து நிற்கும். இப்படிப்பட்டவற்றுக்குத் தனியே பன்மை வடிவத்தை அறிவித்துவிடுங்கள்.

அக்ரோவை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். சுருக்கம், விரிவு, பன்மை, வேற்றுமொழி மூலம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்ட புலம் உண்டு. ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் எது எதுவென்று புரியும். வரிசைப்படுத்துவது லேடெக்குக்குள்ளேயே நடந்துவிடுகிறது. கூடுதலாக ஓரிரு முறை ஓட்டினால் போதும். ஆவணத்தில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் சுருக்கத்துக்கு விரிவை மட்டும் அச்சிடச் சொல்லலாம். மறுபடி வராத சுருக்கத்தை வாசகர் ஏன் நினைவில் சுமக்க வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இன்னொரு நுட்பம்: 'எம்ஆர்ஐ'க்கு முன் 'ஆன்' வர வேண்டும், 'மேக்னெடிக்' என்று தொடங்கும் அதன் விரிவுக்கு முன் 'எ' வர வேண்டும். எது அச்சாகப் போகிறது என்பது எழுதும்போது தெரியாது. அக்ரோவிடம் இரண்டையும் சொல்லிவைத்தால் அதுவே தேர்ந்துகொள்ளும். குளோசரிஸில் இதற்கென்று தனி இணைப்புத் தொகுப்பைச் சேர்க்க வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு அக்ரோவில் இதைவிடப் பெரிய உதவி இருக்கிறது. நம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும். 'காந்த ஒத்ததிர்வுப் படமாக்கல் (எம்ஆர்ஐ)இல்' என்று அடைப்புக்குறிக்குப் பின் உருபு தொங்குவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அக்ரோவில் சொல்லின் இறுதியில் ஒட்டும் புதிய முடிவுகளை நாமே வரையறுத்து, சுருக்கத்துக்கு ஒன்றும் விரிவுக்கு ஒன்றுமாக வடிவம் கொடுக்கலாம். தொடக்கத்தில் அரைமணி நேர உழைப்பு. பிறகு 'படமாக்கலில்' என்று உரிய இடத்தில் உருபு சேரும்.

ஓர் எச்சரிக்கை: 2020இல் வந்த அக்ரோவின் மூன்றாம் பதிப்பு பல விருப்பத்தேர்வுகளின் பெயர்களை மாற்றிவிட்டது. பழைய ஆவணம் திடீரெனப் பிழை காட்டினால், தொகுப்பை அழைக்கும் வரியிலேயே இரண்டாம் பதிப்பு வேண்டும் என்று குறிப்பிடலாம்.

சுருக்கங்களோடு கலைச்சொற்களும் அவற்றின் விளக்கங்களும் குறியீடுகளும் தனித்தனிப் பட்டியல்களாக வேண்டுமென்றால் இந்த மூன்றில் குளோசரிஸ்தான் ஏற்றது. 2007இல் நிக்கோலா டால்பட் வெளியிட்ட தொகுப்பு இது. 2015இல் அவரே அதன் விரிவாக்கமான குளோசரிஸ் எக்ஸ்ட்ராவையும் தந்தார். ஒரு சொல்லிலிருந்து இன்னொன்றுக்குச் சுட்டுவது, உட்பிரிவுகள், பட்டியலின் தோற்றம் என இதில் மாற்ற முடியாதது குறைவு. அதற்கான விலை, இடையில் நுழையும் கூடுதல் படி. லேடெக்கை ஓட்டி, பிறகு மேக்குளோசரிஸ் என்ற நிரலை ஓட்டி, மறுபடி லேடெக்கை ஓட்ட வேண்டும். ஒருமுறை நடுப்படியை மறந்துவிட்டு நூறு பக்கங்களைப் பட்டியலே இல்லாமல் அச்செடுத்தேன். உரைக்குள் எல்லாம் சரியாக இருந்ததால் அச்சுக்கு முன் சந்தேகமே வரவில்லை. எக்ஸ்ட்ரா இந்த இடத்தில் கருணையுள்ளது: பட்டியல் வர வேண்டிய பக்கத்திலேயே ஆவணம் முழுமையடையவில்லை என்று அச்சிட்டுவிடும். வெளிநிரலே வேண்டாமென்றால் லேடெக்குக்குள் வரிசைப்படுத்தும் வழியும் உண்டு. ஆனால் பட்டியல் நீளநீள அது மெதுவாகும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு கண்ணி இயல் தலைப்பு. தலைப்பில் இந்தக் கட்டளையை எழுதினால் அது பொருளடக்கத்துக்கும் போகும். அங்கேயே 'முதல்முறை' செலவாகிவிட, உரையில் விரிவு வராமல் போகலாம். தலைப்பில் சுருக்க வடிவத்தை மட்டும் தரும் கட்டளையை எழுதுங்கள். எக்ஸ்ட்ராவில் தலைப்புகளுக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன.

தமிழ்க் கலைச்சொற்களை வரிசைப்படுத்துவதில் இன்னும் கவனம் தேவை. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடின் வரிசையில் ல, ள, ழ, வ என்று எழுத்துகள் நிற்கின்றன. நம் அகராதியில் ல, வ, ழ, ள. எண்ணை மட்டும் பார்க்கும் நிரல் 'அளவு' என்பதை 'அவை'க்கு முன்னால் வைத்துவிடும். 'ன' இதைவிட முன்னால் போய் 'ப'வுக்கு மேலே ஏறிவிடுகிறது. எக்ஸ்ட்ராவோடு சேர்ந்து இயங்க 2017இல் வந்த பிப்டுஜிஎல்எஸ் நிரலில் எந்த மொழியின் வரிசை வேண்டும் என்று குறிப்பிடலாம். அதற்குக் கணினியில் ஜாவா இருக்க வேண்டும். சொற்களை நூலடைவுக் கோப்பைப் போலவே தனிக் கோப்பில் வைக்க வேண்டியிருப்பதால், ஒரே சொற்கோப்பை அடுத்தடுத்த நூல்களுக்கும் எடுத்தாளலாம். தமிழில் முந்நூறு சொல் கொண்ட பட்டியலென்றால் நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன்.

எதைத் தேர்வதென்று இன்னும் தயக்கமென்றால், அக்ரோவோடு தொடங்குங்கள். அக்ரோனிமிலும் அக்ரோவிலும் உரையில் எழுதும் அடிப்படைக் கட்டளை 'ஏசி' என்ற இரண்டெழுத்துதான். குளோசரிஸிலும் குறுக்குவழி விருப்பத்தேர்வை இயக்கினால் அதே கட்டளை வேலை செய்யும். பின்னாளில் கலைச்சொல் பட்டியல் தேவைப்பட்டு மாற நேர்ந்தாலும், அறிவிப்புகளை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். நீங்களாகச் சேர்த்த உருபுக் கட்டளைகளைத் தவிர, இருநூறு பக்க உரையில் பெரும்பாலும் கைவைக்க வேண்டியதில்லை.